கூட்டாளிக்குப் பொருத்தம் பார்த்தோம்

கத்தரிக்காய் வாங்கும்போது எங்கள் ஆட்கள் காம்பைப் பார்ப்பார்கள். மீன் என்றால் செவிளைத் தூக்கிப் பார்ப்பார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் யாரும் பைக்குள் போட்டதை நான் கண்டதில்லை. தொட்டுப் பார்த்து வாங்குகிற இந்த நல்ல பழக்கம், மனிதன் என்று வந்ததும் அடியோடு நின்றுவிடும். ஆள் எங்களுக்கு எதிரே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டோம். அவர் எழும்பிப் போன பிறகு, அவருடைய பாட்டன் யார், பெரியம்மாவை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று நாடு நாடாக ரெலிபோன் அடிப்போம்.

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் கடை திறக்க வெளிக்கிட்டபோது எங்கள் கூட்டாளியை இப்படித்தான் விசாரித்தோம். விசாரணை மிகச் சிறப்பாக நடந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் கடையே இல்லாமல் போயிருக்கும்.

அது எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். என் கணவர் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கைத் துணி தோய்த்தேன். வீட்டுக்கு வந்தால் மிளகாய் வறுத்துத் தூள் இடித்தேன். இடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோப்பி அரைக்கிற சின்ன இயந்திரம் ஒன்று வைத்திருந்தேன். அது நாளுக்கு ஒரு தரம் மூச்சு நின்று பிறகு பிழைக்கும். மேல்மாடி ஜெர்மன் கிழவர் முதலில் தும்மினார், பிறகு முறைப்பாடு சொன்னார், கடைசியில் ஒரு போத்தலோடு வந்து தனக்கும் கொஞ்சம் தரச் சொன்னார்.

அந்தத் தூளைச் சனிக்கிழமைகளில் விற்றுத் தந்தவர் ஒரு வான்காரர். முப்பதைத் தாண்டிய வயது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். ஆனால் எங்களைப்போல் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர் அல்ல. அதற்கு முந்தியே கப்பலில் வந்து, இறங்கி, நின்றுவிட்டவர். நிரந்தர வதிவிடம் அவரிடம் இருந்தது. கிழமைக்கு ஒருதரம் பாரிசுக்குப் போய் வெண்டிக்காயும் கறிவேப்பிலையும் ஏற்றிவந்து, அகதிகள் இருக்கிற கட்டடங்களின் வாசலில் வானை நிறுத்துவார். முன் சீற்றில் ஒரு ஜெர்மன்காரி இருப்பாள். இறங்கி வந்து தராசு பிடிப்பாள். "வெண்டிக்காய் ரெண்டு கிலோ, போதுமோ?" என்று தமிழில் கேட்பாள். அவள் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை வான்காரர் எங்கள் வீட்டுக்கு மேலே ஏறி வந்தார்.

"அக்கா, சனம் இப்ப என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. வான் கதவு திறந்த உடனை 'தூள் வந்ததோ' எண்டுதான் கேக்கினம். ஒரு கடை போடுவம்."

இடமும் பார்த்து வைத்திருந்தார். மூடிக்கிடந்த ஒரு இறைச்சிக் கடை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, கூரையில் இறைச்சி தூக்குகிற கொளுக்கிகள். இறைச்சிக் கடைக்காரரின் மனைவி, புருஷன் செத்த பிறகு அதைப் பூட்டி வைத்திருந்தார். ஈஸ்டர் முடியும்வரைக்கும் எங்களுக்காக வைத்திருப்பேன், அதற்குப் பிறகு சாவி வெட்டுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வழக்கு முடியவில்லை. எங்கள் வதிவிடக் கடதாசியில், வேலை செய்யலாம், சொந்தமாகத் தொழில் நடத்தக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அடுத்தவன் கோப்பையைக் கழுவ அனுமதி உண்டு, சொந்தக் கோப்பையைக் கழுவ இல்லை. ஆகவே கடை வான்காரர் பெயரில்தான் எழுதப்படும். கடதாசியில் நாங்கள் அவரிடம் வேலைக்கு நிற்பவர்கள். எங்களுக்குள்ளே பாதிப் பாதி. அந்தப் பாதிக்கு அத்தாட்சி அவருடைய வாய்ச்சொல் மட்டும்தான். அதை நம்பி, இருவரும் வேலையை விட்டுவிட்டு, அதுவரை சேர்த்ததையெல்லாம் அந்த வெள்ளை ஓட்டுக்குள் கொட்டவேண்டும்.

சொல்லைக் காப்பாற்றுகிற ஆளா, இல்லையா? எங்களுக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான்.

வான்காரர் மடித்த ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். ஜெர்மன் பொலிஸ் நற்சான்றிதழ். அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். "குற்றம் எதுவும் பதிவில் இல்லை" என்று ஒரே வரி.

"என்னைப் பற்றி அறியவேணும் எண்டா இதைப் பாருங்கோ அண்ணை. வேறை ஏதும் கேக்கிறதெண்டாலும் கேளுங்கோ."

என் கணவர் பதறிப்போனார். "சீச்சீ! இதென்ன கதை தம்பி? உம்மைத் தெரியாதே எங்களுக்கு? எடும், எடும்."

வான் தெருமுனை திரும்புவதற்குள் என் கணவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கை போறியள்?"

"விசாரணை அண்ணையிட்டை. ஆர் எவர் எண்டு அறியாமல் கையை வைக்க ஏலுமே?"

விசாரணை அண்ணை என்பவர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். அடுத்தவர்களின் கடித உறைகளைப் பார்த்தே முழு யாழ்ப்பாணத்தையும் படித்து முடித்தவர். "ஆளின்ரை பேரைச் சொல்லு. அவன் வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்போ நல்லதோ எண்டு நான் சொல்லுறன்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. எங்களில் எவருக்குக் கலியாணம் பேசினாலும் மாப்பிள்ளையை, பெண்ணை, இரண்டு பகுதியின் செத்துப்போனவர்களை அவர்தான் விசாரித்துக் கொடுப்பார். அவருக்கு ஜெர்மன் மொழியில் காலை வணக்கம் மட்டும்தான் தெரியும். அதை மாலையிலும் சொல்வார்.

நானும் கூடப் போனேன். என் எதிர்காலத்தை வேறு இருவர் பேசி முடிப்பதைக் கேட்க ஆசையாக இருந்தது.

வான்காரர் எடுக்காமல் விட்டுப்போன பொலிஸ் நற்சான்றிதழை அண்ணை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதிலை தகப்பன் பேர் எங்கை தம்பி?"

"போடேல்லை அண்ணை."

"தாயின்ரை ஊர்?"

"அதுவும் இல்லை."

"சகோதரங்கள் எத்தினை எண்டாவது?"

கணவர் தலையை ஆட்டினார்.

"பிறகென்ன நற்சாட்சி? களவெடுக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறாங்கள். களவெடுக்காத ஆக்கள் நாட்டிலை ஆயிரம் பேர். அதை வைச்சு ஒருத்தனை என்னெண்டு அறியிறது?" கடதாசியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார். பிறகு, அறைக்குள் நாங்கள் மூவரும் சுவரில் பொருத்திய, வெப்பம் தருகிற இரும்பும் மட்டும் இருந்தபோதும், குரலைத் தாழ்த்தினார்.

"ஊர் தெரிஞ்சிட்டுது. ஊருக்குள்ளை எந்தப் பக்கம்?"

எங்கள் ஊர்களில் பக்கம் என்பது சூரியன் உதிப்பதை வைத்துச் சொல்வதல்ல. சாதி என்று நாங்கள் வாயால் சொல்லமாட்டோம், நாகரிகமானவர்கள். கோயிலுக்குக் கிழக்கா, மேற்கா, சந்திக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்போம். பதில் வரும், முகம் மலரும் அல்லது மூடும். வீடு, காணி, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் இதை மட்டும் கசங்காமல் மடித்துக் கொண்டுவந்திருந்தோம். எந்த விமான நிலையத்திலும் யாரும் பிடிக்கவில்லை.

கணவர் தனக்குத் தெரிந்த சந்தியைச் சொன்னார். பக்கம் சரியாக இருந்ததாம். கணவர் மூச்சு விட்டார். சரியில்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை அந்த அறையிலேயே முடிந்திருக்கும். முடிந்ததற்கு வேறொரு காரணம் வான்காரருக்கு மிக மரியாதையாகச் சொல்லப்பட்டிருக்கும்.

"அப்ப நான் ஊருக்கு எழுதிறன்" என்றார் அண்ணை. "லண்டனுக்கும் ஒருக்கா அடிக்கிறன். அவன்ரை ஊர்ப் பொடியள் அங்கை நிக்கிறாங்கள்."

"அண்ணை, அந்தத் தம்பி சனிக்கிழமை இஞ்சைதானே வருவார். அவரையே கேட்டால் என்ன?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அவரைப் பற்றி அவரிட்டையே கேக்கிறதோ? நீர் பேசாமல் இரும்" என்றார் கணவர்.

இதே நாட்களில் இறைச்சிக் கடைச் சொந்தக்காரியும் வான்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் லண்டனுக்கு அடிக்கவில்லை. வான்காரர் வாடகைக்கு இருக்கிற கட்டடத்துக்கு, ஒரு வேலையும் இல்லாதவர்போல் நடந்து போனார். கதவைத் தள்ளி உள்ளே போய்ப் படிகளைப் பார்த்தார். இந்தப் பகுதி ஜெர்மன்காரருக்குக் கடவுளுக்கு அடுத்தது படிக்கட்டு. வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கிழமைக்கொருவர் கூட்டித் துடைக்கவேண்டும். அந்தக் கிழமை வான்காரரின் முறை. அந்த அம்மா கைவிரலால் படியின் மூலையைத் தடவிப் பார்த்தார், தூசி இல்லை, திரும்பி வந்துவிட்டார். விசாரணை முடிந்தது. இதை அவர் சாவியைக் காட்டிக்கொண்டே பெருமையாக எனக்குச் சொன்னார். படியின் மூலையை ஒழுங்காகத் துடைக்கிறவன் வாடகையை ஒழுங்காகத் தருவான் என்று அவருக்கு உறுதி. நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவரைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு எங்களிடம் இருந்த முறை ஒன்றும் பெரிதாக இல்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. பதில்கள் வரத் தொடங்கின.

தேன் ஊற்றிய பதில்கள். பிள்ளை தங்கம். குடி இல்லை, புகை இல்லை. பெரியவர்களுக்கு முன்னால் கால்மேல் கால் போடாது. தகப்பன் செத்தபோது தாயின் பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்தது. பின்வாசலில் நின்று சாப்பிட்டாலும் கோப்பையைத் தானே கழுவி வைக்கும். இந்தக் கடைசி வரியைக் கேட்டு என் கணவர், தொழில்முறையில் கோப்பை கழுவுகிறவர், கண் கலங்கினார்.

"தம்பி, இப்படி ஒரு விசாரிப்பு எனக்கு எந்த இடத்திலும் வந்ததில்லை" என்றார் அண்ணை. "ஒரு சின்னக் குறை சொல்ல ஒருத்தரும் இல்லை."

எனக்கு அங்கேதான் ஏதோ இடித்தது. எங்கள் ஊரில் குறை சொல்ல ஒருவரும் இல்லாத ஆள் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் ஆட்கள் இவ்வளவு நல்லவர்களாகப் பேசுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான்.

அந்தச் சந்தர்ப்பம் இன்னதென்று அடுத்த கிழமை ஒரு தடித்த உறையில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் வான்காரரின் தாய். உள்ளே மகனின் படம் ஒன்று, கப்பலுக்கு ஏறமுன் எடுத்தது, தலைமுடி நிறைய. கூடவே மஞ்சள் பூசிய சாதகக் குறிப்பு. "எங்கள் பகுதியில் முழுச் சம்மதம். பெண்ணின் குறிப்பை அனுப்பி வைக்கவும்" என்று எழுதியிருந்தார்.

வெளிநாட்டில் இருந்து ஒருவர், கலியாணம் ஆகாத முப்பத்துச் சொச்சம் வயதுப் பிள்ளையைப் பற்றி, தாய்வழி தகப்பன்வழி எல்லாம் கிண்டிக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் தனக்கு வேண்டாம் என்று அவனவன் போட்டி போட்டுப் புகழ்ந்திருந்தான். கடைக்கு என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும்.

அண்ணை அசையவில்லை. சாதகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார்.

"வந்ததை வீணாக்கக் கூடாது. தம்பி, உம்மடை குறிப்பு இருக்கோ?"

இருந்தது. எங்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பாடசாலைச் சான்றிதழ் இல்லை, கலியாணப் பதிவு இல்லை. சாதகம் இருந்தது. அகதி விண்ணப்பம் எழுதுகிற கந்தோரில் பிறந்த திகதிக்கு அத்தாட்சி கேட்டபோது கணவர் அதைத்தான் நீட்டினார். அந்த அதிகாரி கட்டங்களை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இது வீட்டின் வரைபடமா என்று கேட்டார்.

அண்ணை பஞ்சாங்கத்தை விரித்தார். முதல் அடியிலேயே தடை.

"ரெண்டும் ஆம்பிளை. இதிலை ஆர் பொம்பிளை?"

அண்ணை இரண்டு சாதகத்தையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணையே தீர்ப்புச் சொன்னார். "வான் ஓடுறவர் மாப்பிளை. கடையிலை நிக்கிறவர் பொம்பிளை."

என் கணவர் மறுக்கவில்லை. தொழில் என்று வந்தால் மனுஷன் எதற்கும் தயார்.

பொருத்தம் ஒவ்வொன்றாக வந்தது. மகேந்திரம் உண்டு. வேதைப் பொருத்தம் உண்டு. இராசி அதிபதிகள் சிநேகிதம். ஒரு பொருத்தத்தை அண்ணை என்னைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தாண்டினார். பிறகு விரல் ஒரு இடத்தில் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரச்சுப் பொருத்தம் தட்டுது."

"என்ன அண்ணை?"

"நீர் சுவாதி. அவர் சதயம். ரெண்டும் கழுத்து ரச்சு. பொம்பிளையின்ரை உயிருக்குக் கூடாது."

"பொம்பிளை எண்டா..."

"நீர்தான்."

கணவரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"இஞ்சேருங்கோ," என்றேன், "அப்ப நீங்கள் மாப்பிளையாய் இருங்கோவன். அந்தத் தம்பி கடையிலை நிக்கட்டும்."

"எனக்கு வான் ஓடத் தெரியாதப்பா" என்றார். அழுவார் போலிருந்தது.

இது போதாது என்று, கலியாணப் பேச்சுக்கு ஒரு மங்களம் போல, மொட்டைக் கடிதமும் வந்தது. யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார். பெண் கொடுக்கப் போகிறவர்களே கவனம், மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரியோடு இருக்கிறார் என்று. இத்தனை நாடு சுற்றி எங்களுக்கு வந்த ஒரே உண்மை இது. சனிக்கிழமை தோறும் வெண்டிக்காய் நிறுத்துத் தருகிறவளைத்தான் அவர் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் கணவருக்கு மொட்டைக் கடிதம் பெரிதாகப் படவில்லை, ரச்சுதான் பெரிதாக இருந்தது. கடை வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன். ஈஸ்டருக்கு முட்டைகளுக்கு நிறம் பூசிக் கடைகளில் வைத்துவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் படுக்கைத் துணியை உதறும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளை ஓடுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. எந்த ஓட்டுக்குக் கீழே எந்தப் பெட்டி வைப்பது என்றுகூட நான் முடிவு செய்திருந்தேன். "உங்கடை கழுத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். அது அவருக்கு ஆறுதலாகப் படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. வான்காரர். அவருக்குப் பின்னால் அந்த ஜெர்மன்காரி. வழக்கமான சிரிப்பு இல்லை. வான்காரரின் கையில் தாய் எழுதிய கடிதம்.

"அண்ணை, எனக்குக் கலியாணமாம். ஜெர்மனியிலையே நல்ல இடமாம். சாதகமும் அனுப்பியாச்சாம். நான் விசாரிச்சுப் பாத்தன். சாதகம் வந்த இடம் உங்கடை இடம் எண்டு சொல்லுகினம். ஆர் பொம்பிளை?"

ஜெர்மன்காரியும் என்னைப் பார்த்து, ஜெர்மனில் அதையே கேட்டாள். "யார் அந்தப் பெண்? நேராகச் சொல்லுங்கள் அக்கா."

என் கணவர் நிலத்தைப் பார்த்தபடி, "நான்தான்" என்றார்.

வான்காரர் முதலில் விளங்காமல் நின்றார். நான் விளங்கப்படுத்தினேன். தபாற்கந்தோர், லண்டன், தங்கமான பிள்ளை, சுவாதி, சதயம், கழுத்து எல்லாம். அவர் அதை ஜெர்மனில் அவளுக்குச் சொன்னார். கழுத்து ரச்சுக்கு ஜெர்மன் சொல் இல்லாதபடியால் கையால் கழுத்தை அறுத்துக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக் கிழவர் தடியால் நிலத்தில் தட்டினார். வான்காரரும் சிரித்தார். ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டார்.

"சிரிக்கிறன்தான் அண்ணை. ஆனா அங்கை அம்மா சந்தோசமாய் இருக்கிறா. இவவைப் பற்றி நான் அவவுக்கு எழுதேல்லை. எழுதுவம் எழுதுவம் எண்டு வருசம் போட்டுது. இப்ப இதுக்கு மேலை விட ஏலாது."

"அப்ப எழுதும் தம்பி."

"நான் எழுதினா, ஆரோ பொம்பிளை வீட்டுக்காரரைச் சாட்டித் தப்பப் பாக்கிறன் எண்டு நினைப்பா. விசாரிச்சது நீங்கள். பொம்பிளை இல்லை, கடைதான் எண்டு நீங்கள் எழுதவேணும். இவவைப் பற்றியும் அதிலையே எழுதுங்கோ. அந்தக் கடிதம் தபாலுக்குப் போனால்தான் கடைக் கடதாசியிலை நான் கையெழுத்து வைப்பன்."

ஈஸ்டருக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வில்லங்கமான கடிதங்கள் என் பங்கு. அகதி விண்ணப்பத்தைக்கூட நான்தான் சொல்லச் சொல்ல எழுதுவித்தேன்.

மேசையில் இருந்து எழுதினேன். ஒரு தாய்க்கு, உங்கள் மகனுக்கு நாங்கள் பெண் பார்க்கவில்லை, தூள் விற்க ஆள் பார்த்தோம் என்று எழுதுவது இலேசு அல்ல. என் பேச்சுத் திறமை முழுவதையும் இறக்கினேன். அடுத்த பகுதிக்கு வந்ததும் இன்னும் நன்றாக வந்தது. "அம்மா, உங்கள் மகனோடு இருக்கிற பிள்ளை நிறத்தில் மட்டும்தான் வெள்ளை. குணத்தில் எங்கள் பிள்ளை. மரக்கறிதான் சாப்பிடுவாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள். உங்கள் மகன் சாப்பிடாமல் தான் சாப்பிடமாட்டாள்." எழுதும்போது எனக்கே அவள்மீது பாசம் பெருகியது.

வான்காரர் வாங்கி வாசித்தார்.

"அக்கா, இவ எங்கை விளக்கேத்தினவ?"

"இனி ஏத்தலாம்தானே தம்பி."

"பண்டி இறைச்சி இல்லாமல் இவவுக்கு ஒரு நாள் போகாது. பசி வந்தா எனக்கு வைக்காமலும் திண்டிடுவா." என் பேனையை எடுத்தார். மரக்கறியை வெட்டினார். விளக்கை வெட்டினார். காத்திருந்து சாப்பிடுவதை இரண்டு கோடு போட்டு வெட்டினார்.

"எட தம்பி, அம்மாவின்ரை மனம் ஆறட்டும் எண்டுதானே அக்கா எழுதினவ" என்றார் என் கணவர்.

"நான் எழுதாமல் விட்டதாலை அம்மா ஏமாந்தவ. அது ஒரு பிழை. எழுதி ஏமாத்தினா அது வேறை பிழை அண்ணை." வெட்டிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். "மிச்சம் எல்லாம் உண்மை. இதைத் திருப்பி நல்ல தாளிலை எழுதித் தாங்கோ."

மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அந்தப் பிள்ளை பாண் சுடுகிற கடையில் வேலை செய்கிறாள், மகனோடு சில வருடமாக இருக்கிறாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வேலைக்குப் போகாமல் பார்த்தாள், கடையில் அவளும் நிற்பாள். அவ்வளவுதான். ஒரு பொலிஸ் நற்சான்றிதழ் மாதிரி இருந்தது.

நான் திருப்பி எழுதிக்கொண்டிருக்க, என் கணவர் எழும்பி அடுப்படிக்குப் போனார். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிவந்தார். வான்காரரின் முன்னால் கோப்பையை வைத்தபடி, பெரிய விஷயம் ஒன்றும் இல்லாததுபோல, "நாளைக்கு வேலையிலை சொல்லிவிடுறன். கடையை எடுப்பம்" என்றார்.

"கழுத்து?" என்றேன்.

"அது கலியாணத்துக்கப்பா" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட நாலு பேரும் போனோம். வான்காரர் பெட்டியின் மூடியைத் திறந்து, கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்தார். அங்கிருந்து நேரே கடைச் சொந்தக்காரியிடம் போனோம். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பேசமாட்டேன் என்று கதவைச் சாத்தினார். அடுத்த நாள் கையெழுத்தானது.

கடை திறந்த அன்று முதலில் வந்தவர் விசாரணை அண்ணை. தொழிலுக்கு ரச்சு பார்ப்பதில்லை என்று தான் அன்றைக்கே சொன்னதாக எல்லோருக்கும் சொன்னார். மிளகாய்த்தூளை மணந்து பார்த்தார், மீனின் செவிளைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் வாங்காமல் போனார்.

தாயிடமிருந்து பதில் வரவில்லை. வான்காரர் வழமைபோல் வெண்டிக்காய் இறக்கினார். ஆனால் தபால்காரர் வருகிற நேரம் பார்த்து அவருக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். கோடை பிறந்து வெண்டிக்காய் மலிந்த பிறகுதான் கடிதம் வந்தது. என் பெயருக்கு. நான் பிரித்து, நடுக் கடையில் நின்று, உரத்து வாசித்தேன். வான்காரர் ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொல்ல, அவள் தராசைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மகளுக்கு. உன் கடிதம் கிடைத்தது. சாதகத்தை அனுப்பின கையோடு நான் அரியதரமும் பயித்தம் பணியாரமும் சுட ஆள் பிடித்துவிட்டேன். எல்லாம் சுட்டு முடிந்த அன்றுதான் உன் கடிதம் வந்தது. பலகாரத்தை என்ன செய்வது? மகன் வெளிநாட்டில் கடை திறந்திருக்கிறான் என்று சொல்லி ஊருக்குப் பகிர்ந்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. அழுதேன், அதை அவனிடம் சொல்லாதே."

வான்காரர் இந்த வரியையும் மொழிபெயர்த்தார். அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"நீ எழுதினது காணாது. அந்தப் பிள்ளையின் ஊர் எது? தாய் தகப்பன் யார்? என்ன தொழில்? சகோதரங்கள் எத்தனை பேர், எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்? எல்லாவற்றையும் வடிவாக விசாரித்து எழுதவும்."

"எதற்காக அம்மா இதையெல்லாம் கேட்கிறா?" என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். முகம் வெளிறியிருந்தது. "கோபமா?"

"இல்லை," என்றார் வான்காரர், கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கோவம் எண்டா அம்மா ஒண்டும் கேக்கமாட்டா. விசாரிக்கத் தொடங்கிட்டா எண்டா சரி."

நான் கறிவேப்பிலை சுற்றுகிற தாளில் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, விசாரிக்கவேண்டிய ஆளையே நேரே பார்த்துக் கேட்டேன்.

"சொல்லும் பிள்ளை. உம்மடை அப்பா என்ன செய்யிறவர்?"

"கொடிமுந்திரிகைத் தோட்டம்," என்றாள். "வைன் வடிக்கிறவர்."

வான்காரரும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் கள் வடிக்கிறவர்கள் எந்தப் பக்கம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான் பேனையைத் தாளில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தோட்டம் எண்டு மட்டும் எழுதினா பொய்யில்லையே தம்பி?" என்று கேட்டேன்.

அவர் வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"முழுக்க எழுதுங்கோ அக்கா" என்றார்.